மூடாத கோப்பு

கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்த நான்கு பேர் வந்து நின்றபோது சின்னவன் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பன் கண்ணை மூடி இன்னும் உடம்புச் சூடுகூட ஆறவில்லை, பிள்ளை தாங்க மாட்டாமல் தரையில் விழுந்து கிடக்கிறான் என்று மாடி வீட்டு டீச்சர் மூக்கை உறிஞ்சினார். அக்காவின் கணவர் எல்லாரையும் கையமர்த்தி, விடுங்கள், அழுது தீர்த்தால்தான் பாரம் குறையும் என்றார்.

சின்னவன் அழவில்லை. கட்டில் காலோடு சேர்த்து டேப் சுற்றியிருந்த ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான். டேப் அவனே சுற்றியது. ஒரு சுற்றுப் போதும் என்கிற இடத்தில் ஐந்து சுற்றுச் சுற்றுகிற ஆசாமி அவன். இப்போது அந்தப் புத்தி அவனையே படுத்தியது. ஒருவழியாகப் பெட்டி கையோடு வந்ததும் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தான். தலையெல்லாம் ஒட்டடை. டீச்சர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவனுக்கோ பெட்டியின் பச்சை விளக்கு எரியவில்லை என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஏறவில்லை.

விளக்கு அணைந்ததற்குக் காரணம் அக்காவின் கணவர்தான். நல்ல மனிதர். ஆனால் நல்லது செய்கிறேன் என்று கிளம்பினால் யாராலும் தடுக்க முடியாது. செய்தி கேட்டு ஓடி வந்தவர் கூட்டம் வியர்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறார், கண்ணில் பட்ட முதல் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டாண்டு ஃபேனைச் சொருகிவிட்டார். அந்தப் பெட்டி அதுவரை அலமாரி மேலிருந்த கேமராவின் படத்தையும் சத்தத்தையும் எழுதிக்கொண்டே இருந்தது. எழுதிய கோப்பை மூட அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

இறந்தவரைத் தெருவில் எல்லாரும் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். வேலையை விட்டு இறங்கிப் பல வருஷம் ஆகியும் பேர் இறங்கவில்லை. கோபம் வந்தால் அம்மாவே “என்ன கண்டக்டரே” என்றுதான் ஆரம்பிப்பாள். நுரையீரல் பழுதாகிப் படுக்கையில் விழுந்த பிறகு அவருடைய குரல் பக்கத்து அறைக்குக்கூட எட்டவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டு வரை கேட்ட குரல் அது. அக்கா கடைக் கவுண்டரில் இருக்கிற மாதிரித் தட்டினால் ஒலிக்கிற மணி ஒன்றை வாங்கி வந்து தலைமாட்டில் வைத்தாள். மணி வந்ததும் கண்டக்டருக்குப் பழைய அதிகாரம் திரும்பிவிட்டது. ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இங்கே வா. இரண்டு தட்டுத் தட்டினால் ரைட், போகலாம். தண்ணீர் கொடுத்தாலும் சரி, தலையணையை ஏற்றி வைத்தாலும் சரி, இரட்டை மணி விழாமல் யாரும் அறையை விட்டு நகரக் கூடாது. அவசரத்தில் யாராவது நகர்ந்துவிட்டால், மணி அடிக்காமல் வண்டியை எப்படி எடுக்கலாம் என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டுவார்.

கடைசி வாரங்களில் அந்த ஒற்றை மணிக்கு ஓய்வே இல்லை. ஃபேனைக் கூட்டு, ஃபேனைக் குறை, ஜன்னலைத் திற, யார் வாசலில், டாக்டர் என்ன சொன்னார். சின்னவன் வீடியோ கோப்புகளைப் பழுது பார்க்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தான். அப்பாவுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தான். வேலை நடந்ததோ இல்லையோ, நடை நடந்தது. இன்று காலை, ராத்திரி முழுக்கக் கண் விழித்த அம்மாவைப் போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினான். பிறகு பக்கத்து அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பாட்டு எதுவும் போடவில்லை. காதை மூடிக்கொள்வதற்காகத்தான் மாட்டினான். கொஞ்ச நேரம் யாரும் தன்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

அம்மா தூங்கி எழுந்து டம்ளரில் தண்ணீரோடு அவர் அறைக்குப் போனாள். பிறகு இவனிடம் வந்தாள். கூப்பிட்டிருக்கிறாள், இவன் காதில் விழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் திரும்பினான். இரண்டு காதும் மூடியிருந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே போயிருக்கிறார், இதைவிட நல்லபடியாகப் போக முடியாது என்றார். அந்த உடம்பு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் உள்ளுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது. சின்னவனுக்கும் இருந்தது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் போனதும் அம்மா அவன் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மணி அடிச்சாராடா?”

“இல்லம்மா.”

யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பார்வையில்தான் அவனுடைய அப்பாடா பாதியில் நின்றுபோனது. அடித்திருந்தால்? தட்டித் தட்டிப் பார்த்து, வண்டி நிற்கவில்லை என்று கையை எடுத்திருந்தால்? இதற்குப் பதில் தெரிந்தது அந்தக் கறுப்புப் பெட்டி ஒன்றுக்குத்தான். வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடலாம், சாயங்காலம் வண்டி வரும் என்று கூடத்தில் அக்காவின் கணவர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் இவன் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் அவரை அனுப்பிவிட்டால் இந்தக் கேள்வியும் அவனும் ஒரே வீட்டில் கடைசி வரை குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியை லேப்டாப்பில் இணைத்தான். காலைக் கோப்பு இருந்தது. கனமாகவே இருந்தது, நிறைய எழுதியிருக்கிறது என்று அர்த்தம். திறந்தான். இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது.

அவனுக்கு இது தெரிந்த நோய். கேமராவை வைக்கச் சொன்னதே டாக்டர்தான். தூங்கும்போது மூச்சு எங்கே தட்டுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். மின்சாரம் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தால் போதும், அந்த நேரத்துக் கோப்பு பாதியில் அறுந்துவிடும். கோப்பைத் திறந்து படிக்கிற மென்பொருளுக்கு நூலகம் என்று பேர், அவன் லேப்டாப்பில் இருந்த பழைய நூலகம் அறுந்த கோப்பைத் தொடாது. புதிய பதிப்பில் அதைச் சரி செய்திருக்கிறார்கள், ஆனால் அது ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. மூலநிரலை இறக்கி, அதை ஓடுகிற மென்பொருளாக நாமே கட்டி, நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். இன்று காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் செய்துகொண்டிருந்த வேலையும் அதுதான்.

நூலகம் என்றதும் கண்டக்டர் ஒரு நாள் புத்தகமா என்று கேட்டார். இல்லையப்பா, இது ஒரு மாதிரி பெட்டி, படம் தனியாக வரும், சத்தம் தனியாக வரும், கீழே ஓடுகிற எழுத்து தனியாக வரும், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஏற்றி, எது எந்த நொடியில் வர வேண்டும் என்று குறித்து வைக்கும் என்று விளக்கினான். உள்ளே இருப்பது என்ன என்று அது கேட்காது.

“அப்ப பஸ்ஸுன்னு சொல்லு,” என்றார் கண்டக்டர். “எவன் ஏறினா பஸ்ஸுக்கு என்ன. அவனவன் ஸ்டாப்ல அவனவனை இறக்கிவிடணும், அவ்வளவுதான். இதை யாரு உனக்கு வித்தா?”

யாரும் விற்கவில்லை, எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி எல்லாருக்கும் சும்மா கொடுக்கிறார்கள், உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்றான். கண்டக்டருக்கு அது பிடிபடவில்லை. டிக்கெட் இல்லாமல் ஆள் ஏற்றுகிற வண்டியை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. செக்கிங் வந்தால் என்ன பண்ணுவார்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து லேப்டாப்பில் வரிகள் ஓடும்போதெல்லாம், எல்லாரும் ஏறியாச்சா என்று விசாரிப்பது வழக்கமாகிவிட்டது.

கட்ட வேண்டியது ஒன்றல்ல, இரண்டு. அந்தக் கோப்பு எழுதப்படுகிற முறையை மட்டும் தெரிந்த சின்ன நூலகம் ஒன்று. அதன் தோளில் ஏறி நிற்கிற பெரியது இன்னொன்று. சின்னதை நிறுவாமல் பெரியதைத் தொட முடியாது. திரையைப் பார்த்தான். சின்னது கட்டி முடிந்து, நிறுவியும் ஆகியிருந்தது. அந்தக் கடைசி வரிக்குக் கீழே கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. அம்மா தோளை உலுக்கிய நேரத்தில் விட்ட இடம் அது. அதே இடத்தில் அடுத்த கட்டளையைத் தட்ட அவனுக்குக் கை வரவில்லை. திரையில் புதிதாக இன்னொரு ஜன்னலைத் திறந்துகொண்டான்.

பெரியதைப் பிரித்து வைத்தான். தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள்ளிருந்து கட்டச் சொன்னான். கணினி எதெல்லாம் இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. பிறகு கட்டுகிற வேலை, அவர்கள் பாஷையில் கம்பைல், ஆரம்பித்தது. பச்சை எழுத்தில் வரி மேல் வரியாக ஏறியது.

கதவு திறந்தது. அக்கா. அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பாவின் வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்டாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அலமாரியில் இரண்டாவது தட்டு என்றான். அவள் போகவில்லை.

“வேலையாடா செய்யற?”

“ஒரு சின்ன வேலை. முடிஞ்சுடும்.”

“இன்னிக்கா?”

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போன வேகத்தில் எல்லாம் இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அக்கா வாயை மூடவும் கிடையாது. கொஞ்ச நேரத்தில், அவனுக்கு ஆபீஸ்தான் அப்பா என்று கூடத்தில் அவள் குரல் கேட்டது. அடுத்து அக்காவின் கணவர் வந்து, பெரிதாக்கி மாட்ட எந்தப் போட்டோ நன்றாக இருக்கும் என்று இரண்டு போட்டோக்களை நீட்டினார். ஒன்றில் கண்டக்டர் யாரோடோ சண்டைக்கு நிற்பது மாதிரி இருந்தது, இன்னொன்றில் சண்டையில் ஜெயித்தது மாதிரி இருந்தது. ஜெயித்ததைக் காட்டினான்.

கம்பைல் முடிந்தது. நிறுவச் சொன்னான். கடவுச்சொல் கேட்டது, தட்டினான். கோப்புகள் போய் இடத்தில் உட்கார்ந்தன, ஒரு பிழையும் இல்லை. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு காலைக் கோப்பைத் திறந்தான்.

இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை.

இன்னொரு தடவை திறந்தான். அதே வரி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினான். அரைத்த மாவையே அரைத்ததுதான் மிச்சம், அதே வரி வந்து நின்றது. வெளியே யாரோ வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்கள். கோப்புக்குள்ளே அப்பா படுத்திருக்கிறார். இன்னும் மூச்சு இருக்கிறது. அவர் கை மணியின் மேல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. நான்கு சுவருக்கு இந்தப் பக்கம் இவன் முட்டிக்கொண்டிருக்கிறான்.

அப்போதுதான் போன் அடித்தது. அலுவலகத்தில் அவன் பக்கத்து நாற்காலிக்காரி. துக்கம் விசாரிக்க அழைத்திருந்தாள். இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் அவளே திணறினாள், அவனும் சரி சரி என்றான். நடுவில் அவள் நிறுத்தினாள்.

“கீபோர்டு சத்தம் கேக்குது. என்ன பண்ற?”

சொன்னான். வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் முழுவதுமாகச் சொன்னான். ஹெட்போன், மணி, பிளக், கோப்பு எல்லாம். பிறகு அவள் துக்கம் விசாரிக்கிற குரலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலைக் குரலில் பேசினாள்.

“எந்த நூலகத்தை எடுக்குதுன்னு பாத்தியா? பழசையா, புதுசையா?”

“புதுசை நிறுவிட்டேனே.”

“நிறுவின. புதுசு வந்திருக்குன்னு சிஸ்டத்துக்குச் சொன்னியா?”

சின்னவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். கணினி எந்த நூலகம் எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். புதியதைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் போதாது, பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பாட்டுக்குப் பழைய விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பவன் அவன். மறந்தவர்களைக் கேலி செய்பவனும் அவன்தான்.

“நன்றி,” என்றான்.

“பாத்துட்டு எனக்குச் சொல்ல வேண்டாம். பாரு, போதும்,” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு சொல்தான் கட்டளை. தட்டினான். கோப்பைத் திறந்தான்.

அப்பாவின் அறை திரையில் வந்தது. மேலிருந்து பார்க்கிற கோணம். கட்டில், ஜன்னல் வெளிச்சம், தலைமாட்டில் மணி. வெள்ளைப் போர்வை மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. சின்னவன் மூச்சை விட்டான்.

கோப்பு மூடப்படாததால் அதில் பொருளடக்கம் இல்லை. எந்த நிமிஷம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பெல்லாம் கடைசியில்தான் எழுதப்படும், அந்தக் கடைசி வரவே இல்லை. தாவிப் பார்க்க முடியாது. முதலிலிருந்து, நடந்த வேகத்திலேயே பார்க்க வேண்டும். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பார்த்தான். ஃபேன் சத்தம். கண்டக்டரின் இருமல். வெளியே தெருவில் ஒரு ஹாரன்.

கதவு மறுபடி திறந்தது. அக்கா என்று நினைத்து, வருகிறேன் என்று திரும்பாமலே சொன்னான். அம்மா. வண்டி வந்துவிட்டது, எல்லாரும் உன்னைத் தேடுகிறார்கள் என்று சொல்ல வந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். அவன் சட்டென்று மூடப் போனான்.

“மூடாத,” என்றாள். கதவைத் தாழிட்டு வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். “இது எப்ப?”

“காலைல. நீ படுக்கப் போனதுக்கு அப்புறம்.”

அம்மாவின் கை அவன் தோளில் விழுந்தது. அதில் எடையே இல்லை. இரண்டு பேரும் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள்.

திரையில் கண்டக்டரின் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. தடவித் தடவி மணியைத் தொட்டது.

ஒரு தட்டு.

அடித்திருக்கிறார். அம்மாவின் விரல்கள் தோளில் இறுகின.

“இதுதான்டா,” என்றாள். “இதுதான் எனக்குக் கேட்டுச்சு.”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“தூக்கத்துல கேட்டுச்சு. எந்திரிக்கணும்னு நினைச்சேன். உடம்பு வரல. நீ இருக்கேன்னு திரும்பிப் படுத்துட்டேன். நீ, அவர் அடிக்கலைன்னு சொன்ன. அப்ப எனக்குக் கேட்டது என்னன்னு அதையேதான் நினைச்சிட்டிருந்தேன்.”

அவன் சொன்ன “இல்லை” அவளுக்கு எந்த ஆறுதலும் தந்திருக்கவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே மணிக்கு இரண்டு பேர் எழுந்திருக்காமல் இருந்துவிட்டு, ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டு அந்த நாள் முழுவதையும் ஓட்டியிருக்கிறார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் திரையில் கை மறுபடி நகர்ந்தது.

இரண்டாவது தட்டு. முதலாவதற்குப் பிறகு நல்ல இடைவெளி விட்டு, தனியாக விழுந்தது. இது ரைட் இல்லை, இன்னொரு முறை நிறுத்து.

கண்டக்டர் கதவுப் பக்கம் தலையைத் திருப்பினார். காத்திருந்தார். பார்த்துக்கொண்டிருந்த இருவருக்கும் அந்த நேரம் போகவே இல்லை.

அப்புறம் கதவு திறந்தது. சின்னவன் உள்ளே வந்தான்.

நாற்காலியில் இருந்த சின்னவனால் நம்ப முடியவில்லை. திரையில் நடப்பது அவனேதான், அந்தக் கசங்கிய டீ சர்ட்டும் அதுதான். ஹெட்போன் தலையில் இருந்தது, ஆனால் இடது காது வெளியே தெரிந்தது. ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். போனது அவனுக்கு ஞாபகமே இல்லை. துளிகூட இல்லை. அன்றைக்கு எத்தனை தடவை போய் வந்தான் என்று யார் கணக்கு வைத்தார்கள்? இதுவும் அதில் ஒன்று.

“ஃபேன்,” என்றார் திரையில் கண்டக்டர்.

“கூட்டவா, குறைக்கவா?”

“குறை.”

திரையில் இருந்தவன் போய் ரெகுலேட்டரைத் திருப்பினான். வந்து போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டான். முகத்தில் தூக்கம் கெட்ட சிடுசிடுப்பு இருந்தது, ஆனால் கை பதமாகத்தான் இழுத்தது. கண்டக்டர் அவனைப் பார்த்தார்.

“எல்லாரும் ஏறியாச்சா?”

“ஏறிட்டிருக்காங்கப்பா. முதல் வண்டி முடியப் போகுது.”

“சரி. போ.”

சொல்லிவிட்டு மணியில் கை வைத்தார். டிங் டிங். அடுத்தடுத்து, சுத்தமாக, இரண்டு. திரையில் இருந்தவன் திரும்பிக் கதவுக்குப் போனான். போகிற போக்கில் ஹெட்போனை இழுத்து இடது காதையும் மூடிக்கொண்டான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஃபேனைக் குறை, ஃபேனைக் கூட்டுன்னு உயிரை எடுப்பாரு,” என்றாள். சொன்ன பிறகு என்ன சொன்னோம் என்று உணர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அவள் அழுது சின்னவன் பார்க்கவில்லை. இப்போது நன்றாக, சத்தமாக அழுதாள். அவன் எழுந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

வெளியே கதவைத் தட்டியவர்களுக்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று அம்மா குரல் கொடுத்தாள், மீதியையும் பார்த்தார்கள். நிறுத்தட்டுமா என்று அவன் கேட்டான், வேண்டாம் என்றாள். கண்டக்டர் கண்ணை மூடினார். மூச்சு ஏறி இறங்கியது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. கை போர்வை மேல் அப்படியே கிடந்தது. மணிப் பக்கம் போகவில்லை, விரல்கூட அசையவில்லை. எந்த இடத்தில் நின்றது என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. நின்ற பிறகும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் திரையில் அம்மா டம்ளரோடு உள்ளே வந்தாள்.

“இது நான்,” என்றாள் அம்மா.

அவன் நிறுத்தினான். “பொய் சொல்லிட்டேன்மா. அடிச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது அப்ப.”

“எனக்கும்தான் தெரியாது,” என்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு நாள் முழுவதும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னாள். “அப்பாடா. போய் முகத்தைக் கழுவு. தலையில ஒட்டடை.”

வாசலில் வண்டி நின்றது. பின்கதவு திறந்திருக்க, கண்டக்டரை வெள்ளைச் சட்டையோடு ஏற்றியாகிவிட்டது. முன்னால் ஓட்டுகிற பையனுக்குப் பக்கத்து சீட்டில் பழைய டிரைவர் உட்கார்ந்திருந்தார். கண்டக்டரோடு ஒரே தடத்தில் காலமெல்லாம் வண்டி ஓட்டியவர். காலையிலிருந்து வாசல் நாற்காலியில் அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அக்கா சின்னவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து, பின்னால் சொல்கிறேன், உன் தம்பி ஒரு தப்பும் பண்ணவில்லை என்றாள். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் போய்த் தம்பியின் தலையில் மிச்சமிருந்த ஒட்டடையை எடுத்துப் போட்டாள்.

சின்னவன் பின்னால் ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்காவின் கணவர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை திறந்து சாத்தினார். ஓட்டுகிற பையன் கண்ணாடியில் பார்த்துப் போகலாமா சார் என்று கேட்டான். பையன் இன்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்தான். பழைய டிரைவரும் நேரே ரோட்டைப் பார்த்துக் காத்திருந்தார்.

சின்னவன் கையை நீட்டி, வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

பையன் என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தான்.

“எடுப்பா,” என்றார் பழைய டிரைவர். “அதான் சொல்லியாச்சுல்ல.”

வண்டி நகர்ந்தது.